காய்ச்சல் வேப்பிலையும் வெள்ளிக்கிழமை வேப்பிலையும்

ஜீப்பை விட்டு இறங்கிய மண்டல அதிகாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால், தகர ஷீட்டுகளை ஏற்றிய டெம்போ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

தெரு பளிச்சென்று இருந்தது. வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நிலைப்படிகளில் மஞ்சளும் குங்குமமும் ஈரம் காயாமல் மின்னின. எங்கிருந்தோ வந்த சாம்பிராணி வாசனை, மாஸ்க்கையும் மீறி மூக்கில் ஏறியது.

அதெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது.

முதல் வீட்டில் வேப்பிலை. எதிர்வீட்டில் வேப்பிலை. மாடி வீடு, அதன் கீழ்வீடு, இஸ்திரிக் கடை, எல்லாவற்றிலும் வேப்பிலை. இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஏன்ரீ டாக்டரே இது?" என்றார் அதிகாரி கன்னடத்தில், என்ன இது என்று. பிறகு மெதுவாக, "தெரு முழுக்க பாசிட்டிவா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தத் தெருவில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் கொரோனா என்று அர்த்தம். அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியதும் நான்தான்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

தகரத்துக்கு மேலே பறந்த பால் பாக்கெட்

கொரோனா வந்த முதல் வருஷம். பெங்களூர் மர்பி டவுன் பக்கம் ஒரு சின்ன அரசு சுகாதார நிலையத்துக்கு நான் மருத்துவ அதிகாரி. அதிகாரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நர்ஸ், பாஷா என்ற லேப் டெக்னீஷியன், ஒழுகும் குழாய் ஒன்று, இவற்றுக்கு நான் அதிகாரி.

எங்களுக்குப் பின்னால் இருந்தது தண்ணித்தொட்டித் தெரு. வீட்டு வேலை, ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங், வாட்ச்மேன், டிரைவர், ஆஸ்பத்திரி ஆயா என்று ஊரைத் துடைத்துக் காவல் காக்கிற ஜனங்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள்.

அப்போது நோய் வந்த வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டின கையோடு யாராவது அதைப் படம் பிடிப்பார்கள். நோயாளிக்கு ரிப்போர்ட் வருவதற்கு முன்னால், அவர் வேலை செய்கிற அபார்ட்மெண்டின் வாட்ஸப் குரூப்புக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்துவிடும். வேலை போயிற்று.

நோய் கொஞ்சம் அதிகமானால் தெருவின் இரண்டு முனையையும் தகர ஷீட் வைத்து அடைப்பார்கள். அதற்காகவே அதிகாரி சுற்றுக்குக் கிளம்பினால் பின்னாலேயே தகர டெம்போவும் வரும். பக்கத்துப் பேட்டையில் அப்படி அடைத்தபோது பால்காரர் தகரத்துக்கு மேலே பாக்கெட்டுகளை வீசினார். பாதி தரையில் விழுந்து உடைந்தது, மீதியைப் பூனை பார்த்துக்கொண்டது.

இதையெல்லாம் பார்த்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? காய்ச்சலை மறைத்தார்கள். "காய்ச்சல்லாம் இல்லங்க, ஒடம்பு சூடு" என்பார்கள். எங்கள் டெஸ்ட் வண்டியின் ஹாரன் கேட்டால் தெருவே காலியாகிவிடும். காசு வாங்காமல் மூக்கில் குச்சி விடுகிறார்கள் என்றால் இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று ஒரு பேச்சு வேறு.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் அல்ல. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஒளிந்துகொண்டுதான் இருப்பேன்.

அப்போதுதான் தேவகியைப் பார்க்கப் போனேன். அந்தத் தெருப் பெண்கள் சங்கத்துக்கு அவர் தலைவி. அபார்ட்மெண்டுகளில் சமையல் வேலை. நாற்பதுகளில் இருந்தார். குரல் மட்டும் மைக் வைத்தது போல இருக்கும். இரண்டு ஊரடங்குக்கு நடுவில் கிடைத்த ஒரு காலை வேளையில், வாசலில் தள்ளி நின்று பேசினோம்.

"காய்ச்சல் வந்தா நாங்களே வந்து சொல்றோம் டாக்டரம்மா. ஆனா ஸ்டிக்கரும் வேணாம், தகரமும் வேணாம். எங்க தெருவ அடைக்க மாட்டேன்னு நீங்க வாக்கு குடுங்க."

என் கையில் இல்லாத அதிகாரத்தை நான் வாக்காகக் கொடுத்தேன். "அடைக்க விட மாட்டேன்" என்றேன். டெம்போ தெருமுனைக்கு வந்து நின்றபோது ஆபத்தில் இருந்தது அந்த வாக்குதான். அது உடைந்தால் அந்தத் தெருவில் இனி ஒருத்தர்கூட எனக்குக் காய்ச்சலைக் காட்டப் போவதில்லை.

மாதா படமும் வேப்பிலையும்

வேப்பிலை யோசனை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். எங்களுடையது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

ஒரு கோடையில் என் தம்பிக்கு அம்மை போட்டது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள். ஆனால் அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அதே கையோடு வாசலில் வேப்பிலையைச் சொருகினாள். மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் இதைப் பற்றிப் பேச்சு ஏதாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

வேப்பிலையைப் பார்த்ததும் வரிசையே அடங்கியது. யாரும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. யாரும் கேவலமாகப் பேசவும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இளநீர் இருக்கும், யார் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். தம்பி ராஜா மாதிரி படுத்துக்கொண்டு நுங்கு சாப்பிட்டான். எனக்கு ஏன் அம்மை வரவில்லை என்று நான் அழுதேன்.

தனிமைப்படுத்தல் என்று நாங்கள் மருத்துவக் கல்லூரியில் பிறகு படித்தது இதைத்தான். போலீஸ் இல்லாமல், அவமானம் இல்லாமல், சாப்பாட்டோடு சேர்த்து நடந்த தனிமைப்படுத்தல்.

தேவகியிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அட, அம்மா வந்த வீடு மாரி வெச்சிக்கலாம்னு சொல்றீங்க" என்றார். அன்றைக்கே சங்கத்தில் முடிவாயிற்று. நோய் வந்த வீட்டில் வேப்பிலை தொங்கும். அந்த வீட்டுக்கு யாரும் போக வேண்டாம். சாப்பாடு, பால், மாத்திரை எல்லாம் வாசல்படிக்கு வரும்.

அதிகாரியிடம் போனில் சொன்னேன். "ஒரு தெருவில் செய்து பாருங்கள்" என்றார். செய்து பார்த்தோம். ஜனங்கள் ஒளிவதை நிறுத்தினார்கள். காய்ச்சல் வந்தவர்கள் தாங்களாகவே வந்து பாஷாவிடம் மூக்கை நீட்டினார்கள். ஆனாலும் காய்ச்சல் வந்தால்தான் வருவார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது டெஸ்ட் என்றால் இன்னும் ஓட்டம்தான்.

சிவப்புத் தண்ணீர்

தங்கவயல் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அதிகாரி தெருமுனையில் நிற்கட்டும், கொஞ்சம் காற்று வாங்குவது அவருக்கும் நல்லதுதான்.

சுரங்க ஆஸ்பத்திரியில் தொழிலாளி குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம். எந்த வியாதிக்கும் முதலில் ஒரு சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுப்பார்கள், பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். அப்பா வீட்டிலேயே பெரிய பாட்டிலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார். கம்பவுண்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா லாசரு, குடும்பமே குளிக்கப் போவுதா?" என்று கேட்பார். அப்பா அசரமாட்டார்.

அம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. வீட்டிலிருந்து ஒரு குண்டுமணித் தங்கம்கூட அடகுக்குப் போகவில்லை. அம்மா ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான் கதை.

பிறகு சுரங்கம் மூடியது. எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது காலை ரயிலில் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் முதலில் முன்பணம் கேட்டார்கள். மாமா பிழைத்தார். அந்த வீடு பிழைக்கவில்லை.

எல்லாருக்கும் காசில்லாத வைத்தியம் நடக்கிற காரியமா என்று மேடைகளில் என்னிடம் கேட்கிறார்கள். நான் வாதம் செய்வதில்லை. நடந்தது, அதில்தான் நான் வளர்ந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அரசு வேலைக்கு நான் வந்ததும் அதனால்தான்.

ஆஷாடம் முடிந்துவிட்டதே

சரி, தெருமுனைக்கு வருவோம்.

அதிகாரியின் குரல் கேட்டு தேவகி வெளியே வந்தார். மஞ்சள் பூசிய முகம், தலை நிறைய கனகாம்பரம், முகத்தில் பாதிக்கு மாஸ்க்.

"இன்னா தேவகி இது, எல்லா வீட்லயும் வேப்பிலை?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கி ஆடி வெள்ளி டாக்டரம்மா. வேப்பிலை கட்டாத வீடு எங்கனா கீதா?"

ஆடி. தமிழர்கள் வாழ்கிற எந்தத் தெருவிலும் அம்மனுக்கு வேப்பிலை கட்டுகிற மாதம். அதை நான் மறந்துவிட்டேன். ஊரடங்கில் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். எங்கள் நர்ஸ் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், பாஷா முஸ்லிம், நான் கிறிஸ்தவள். சுகாதார நிலையம் மொத்தத்திலும் ஆடியை ஞாபகப்படுத்த ஒரு ஆள் இல்லை. வாசலில் வேப்பிலை என்றால் நோய் என்று ஆடிக்கு முன்னால் சட்டம் போட்ட ஒரே டாக்டர், தமிழ் பேசுகிற உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

"அப்ப எது நோய் வந்த வீடு, எது சாமி கும்பிடற வீடு, எப்படித் தெரியும்?"

"இது இன்னா கேள்வி. காய்ச்சல் வேப்பிலை காஞ்சி கீது. வெள்ளிக்கெழம வேப்பிலை பச்சையா கீது. தெருவுல எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரிந்த அந்த விஷயத்தை நான் அதிகாரிக்குக் கன்னடத்தில் சொன்னேன். ஆடி மாதம் சார், எங்கள் ஜனங்களுக்கு ஆஷாடம் என்றேன்.

"ஆஷாட முகீத்தல்ரீ" என்றார் அவர். ஆஷாடம்தான் முடிந்துவிட்டதே என்கிறார். "இப்போது ஷ்ராவணம். என் வீட்டில் வரமகாலட்சுமி பூஜைக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்."

அவர் சொன்னதும் சரி. கன்னடக்காரர்கள் சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணுகிறார்கள், நாம் சூரியனைப் பார்த்து எண்ணுகிறோம். அவர் காலண்டரில் ஆஷாடம் மூட்டை கட்டிப் போய்விட்டது. தேவகியின் காலண்டரில் ஆடி அப்போதுதான் களைகட்டியிருந்தது. சந்திரனையும் சூரியனையும் நடுத்தெருவில் வைத்துப் பஞ்சாயத்து செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் கேஸ்களை மறைக்கிறேன், தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டு கதை சொல்கிறார்கள் என்று நினைத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு மேலேயும் அதிகாரிகள் இருந்தார்கள். டெம்போ டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். டெம்போ தெருவுக்குள் நுழைந்தது.

தகரத்தைப் பார்த்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"சார், மதியம் வரைக்கும் டைம் கொடுங்கள். தெரு முழுக்க டெஸ்ட் எடுத்துக் காட்டுகிறேன். உடனே முடிவு தெரிகிற கிட் எங்களிடம் இருக்கிறது" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பாஷா என் காதருகே வந்தார். "மேடம், ஹாரன் சத்தம் கேட்டாலே ஓடற ஜனம் இது. யாரு வந்து நிப்பாங்க?"

தேவகி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டெஸ்ட்டு எடுத்தா தகரம் வராதா?"

"நெறைய பேருக்கு இல்லன்னு வந்தா வராது."

"இருக்குதுன்னு வந்தா?"

"தெரியல தேவகி. என்னால முடிஞ்சத பேசிப் பாக்கறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அம்மா கண்டுபிடித்திருப்பார். ஒரு நொடி யோசித்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பினார். மைக் தேவைப்படாத அந்தக் குரல் கிளம்பியது.

"காஞ்ச வேப்பிலை வீடு தவுர எல்லாரும் வெளிய வாங்க. மூக்க காட்டணும்."

மூக்குத்தி கழட்டணுமா?

வந்தார்கள். அதைத்தான் நான் எழுத விரும்பினேன், இவ்வளவு தூரம் சுற்றி வந்ததும் இதற்காகத்தான்.

ஆடி வெள்ளிக்குக் கட்டிய புடவையோடு வந்தார்கள். மஞ்சள் முகமும் ஈரத் தலையுமாக வந்தார்கள். முன்பெல்லாம் ஹாரன் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். தேவகி கோலமாவால் இடம் விட்டு இடம் வட்டம் போட்டுக்கொண்டே போக, வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள். அதிகாரி ஓரமாக நின்று பார்த்தார். அவர் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த பகுதி கொஞ்சம் குழம்பியிருந்தது.

முதலில் வந்த பெண், "மூக்குத்தி கழட்டணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் செய்தி வரிசையின் கடைசி வரைக்கும் போயிற்று, அதற்குப் பிறகு வரிசை இன்னும் நீண்டது. இத்தனை வாரமாக அவர்கள் பயந்தது வைரஸுக்கா, மூக்குத்திக்கா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

தும்மல், சிரிப்பு, திட்டு. ஒரு தாத்தா குச்சி உள்ளே போனதும் பாஷாவின் பரம்பரையையே வாழ்த்தினார். பாஷா வெள்ளை உடுப்புக்குள் வியர்த்து வழிந்துகொண்டே, "ஆயிடுச்சி தாத்தா, ஆயிடுச்சி, இன்னும் கொஞ்சம் திட்டுங்க, அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றார்.

"சாருக்கும் எடுங்க" என்றார் தேவகி, அதிகாரியைக் காட்டி. தெருவே திரும்பியது. அவருக்கு வேறு வழியில்லை. வட்டத்துக்குள் வந்து நின்று மூக்கைக் காட்டினார். கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு அவரைக் கொஞ்சம் அன்பாகப் பார்த்தது.

முடிவுக்குக் காத்திருந்தபோது இஸ்திரிக்காரரின் மனைவி அதிகாரிக்கு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து வைத்தார், ஊறுகாய் மிளகாயோடு. தள்ளிப் போய்க் குடியுங்கள் என்றேன். போய்க் குடித்தார். திரும்பி வந்தபோது, "அம்பலி" என்றார். அவர்கள் ஊரில் அதற்கு அந்தப் பெயர். "எங்கள் அம்மா மோர் கொஞ்சம் அதிகம் விடுவாள்."

டெம்போ திரும்பாத தெரு

பாஷா கிட்டுகளை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். ஒற்றைக் கோடு, ஒற்றைக் கோடு, ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோடு என்றால் நோய் இல்லை. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

காய்ந்த வேப்பிலை வீடுகளில் இருந்தவர்கள் ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்தவர்கள். பச்சை வேப்பிலை வீடுகள் கிட்டத்தட்ட எல்லாமே சுத்தம். புதிதாக விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு இரண்டு கோடுகள். அதில் ஒன்று தேவகியுடையது.

நான் அந்தக் கிட்டைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எனக்கா?" என்றார். "எனக்கு ஒண்ணுமே இல்லையே. கெணத்துத் தண்ணில குளிச்ச மாரி ஜம்முனு கீறேன்."

அதிகாரி கிட்டுகளைப் பார்த்தார், டெம்போவைப் பார்த்தார். விதிப்படி பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலையாவது அடைக்க வேண்டும். அவர் தயங்குவது தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி அவரைப் பார்த்துக் கன்னடத்திலேயே சொன்னார். பிறகு என்னிடம் தமிழில் அதையே சொன்னார்.

"நீங்க அடைக்க வேணாம். நானே கதவ சாத்திக்கிறேன்."

வீட்டுக்குள் போனார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

புதிதாக இரண்டு கோடு வந்த மற்றவர்களும் தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு தாழ்ப்பாள், பிறகு இன்னொரு தாழ்ப்பாள். போலீஸ் இல்லை, ஆணி இல்லை, சுத்தியல் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. கலங்கியது என்றே எழுதுகிறேன், வியர்வை என்று அன்றைக்கு பாஷாவிடம் சொன்னது பொய்.

அதிகாரி டிரைவரிடம் போய், "வண்டியைத் திருப்பு" என்றார்.

திருப்ப முடியவில்லை. அது அவ்வளவு குறுகலான தெரு. இருபக்கமும் கோலங்கள், தள்ளுவண்டி, துளசிமாடம். ரிவர்ஸில்தான் போக வேண்டும், தெருவின் நீளம் முழுக்க.

பெங்களூரில் வண்டி பின்னால் வரும்போது யாராவது ஒருவர் "பர்லி, பர்லி" என்பார், வரட்டும் வரட்டும் என்று அர்த்தம். அன்றைக்குத் தெரு மொத்தமும் சொன்னது. மாடியிலிருந்து, வாசலிலிருந்து, கோலமாவு வட்டங்களுக்குள்ளிருந்து. "பர்லி, பர்லி, ரைட்டு, ஸ்வல்ப லெஃப்டு, பர்லி." ஆளாளுக்கு வேறு வேறு திசை காட்டினார்கள். டிரைவர் பாவம், ஸ்டியரிங்கை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார். தகர ஷீட்டுகள் குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டன. அதிகாரி டெம்போவின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி வழிகாட்டிக்கொண்டே பின்னால் நடந்தார்.

எத்தனையோ திறப்பு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். மாலை வாங்கியிருக்கிறேன், ரிப்பன் வெட்டியிருக்கிறேன். ஒரு டெம்போ பின்னால் போவதைப் பார்த்து அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை எந்த மேடையிலும் நான் பட்டதில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னால், ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தேவகி எல்லாரையும்விடச் சத்தமாக "பர்லி" சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். "மொதல்ல அது போவட்டும், அப்புறம் படுத்துக்கறேன்" என்றார்.